கழிவுநீரிலிருந்து கன உலோகங்களை அகற்றல்

கன உலோகங்கள் கலந்த கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் முறைகளுள் பரப்புக் கவர்ச்சியும் அயனிப் பரிமாற்றமும் முதன்மையானவை. சாக்கடையில் கலக்கும் கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகள் சிதைத்துவிடும். காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம் ஆகியவை தனிமங்கள் என்பதால் அவற்றைச் சிதைக்க எந்த நுண்ணுயிரியாலும் இயலாது. நீரிலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் சேர்ப்பது ஒன்றே வழி.

செறிவு மிகுந்த கழிவுநீரில் முதலில் சுண்ணாம்பு சேர்த்து உலோகங்களை ஐதராக்சைடுகளாக வீழ்படியச் செய்வதே மலிவானது. ஆனாலும் சிறிதளவு உலோகம் நீரில் எஞ்சி நிற்கும். அந்தச் சிறிதளவும் பொருட்படுத்த வேண்டியதே. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமும் குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராமும் வரம்பாக வைத்துள்ளது. இவ்விரு முறைகளும் பெரிதும் பயன்படுவது இந்த எச்சத்தை நீக்கத்தான்.

கரைந்துள்ள பொருள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்ச்சி. இதற்கு அதிகம் பயன்படுவது கிளர்வுற்ற கரி. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, உயர் வெப்பநிலையில் நீராவி செலுத்தினால் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகும். இத்தகைய கரியின் ஒரு கிராமில் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கக்கூடும். விற்பனையாளர்கள் இந்த எண்ணையே பெரிதாகச் சொல்வார்கள். உலோக அயனிகளைப் பிடிப்பதிலோ பரப்பின் அளவைவிட, அதிலுள்ள கார்பாக்சில் போன்ற தொகுதிகளுக்கே பங்கு அதிகம். நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் ஐதரசன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். காரீயமும் காட்மியமும் நீரிலேயே தங்கிவிடும்.

அயனிப் பரிமாற்றம் ஒரு பண்டமாற்று. 1850-இல் இங்கிலாந்தில் தாம்சன், வே ஆகியோர் மண் வழியே அம்மோனியம் உப்புக் கரைசலைச் செலுத்தியபோது, அம்மோனியம் மண்ணில் தங்கி, கால்சியம் வெளிவந்ததைப் பதிவு செய்தனர். இன்று அந்த வேலையைச் செயற்கைப் பிசின் மணிகள் செய்கின்றன. சோடியம் ஏற்றப்பட்ட மணி, ஒரு காரீய அயனியைப் பிடித்து இரண்டு சோடிய அயனிகளை விடுவிக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு: கழிவுநீரில் கால்சியமும் மிகுந்திருந்தால் அதுவும் போட்டிக்கு வரும். சில உலோகங்களை மட்டும் இறுகப் பற்றும் கொடுக்கிணைப்புப் பிசின்கள் இதற்காகவே உருவாக்கப்பட்டன, விலை அதிகம்.

எந்தப் பிசின், எந்த அமிலத்தன்மை என்பதை முடிவு செய்யுமுன் உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்று அறிந்தாக வேண்டும். இதற்குக் குரோமியமே சிறந்த எடுத்துக்காட்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் பதனிடப் பயன்படுத்துவது மும்மை இணைதிறன் குரோமியம். அது பெரும்பாலும் நேர்மின்சுமை கொண்டது. சுண்ணாம்பு சேர்த்தால் வீழ்படிந்துவிடும். மின்முலாம் பூசும் பட்டறைகளிலிருந்தும் குரோமேட்டு ஆலைகளிலிருந்தும் வருவதோ அறுமை இணைதிறன் குரோமியம். நஞ்சுத்தன்மை மிகுந்த இது ஆக்சிசனுடன் சேர்ந்து எதிர்மின்சுமை கொண்ட குரோமேட்டாக நீரில் உலவுகிறது. சுண்ணாம்பு இதை வீழ்த்தாது. நேரயனிப் பிசினும் பிடிக்காது. எதிரயனிப் பிசின் வேண்டும். அல்லது நீரை அமிலமாக்கிக் கரியில் செலுத்தலாம். காரீயத்துக்குத் தடையாக இருந்த அதே அமிலத்தன்மை, கரியின் பரப்புக்கு நேர்மின்சுமை தந்து குரோமேட்டை இழுக்க உதவுகிறது. ஒரு பகுதி அங்கேயே மும்மைக் குரோமியமாக ஒடுக்கமும் அடையும்.

நிறைவுற்ற பிசினை அமிலம், உப்புக்கரைசல், எரிசோடா ஆகியவற்றுள் பொருத்தமான ஒன்றால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். கழுவிய சிறிதளவு நீரில் உலோகம் முழுவதும் செறிந்திருக்கும். நிக்கல் முலாம் பட்டறைகளில் அதை மீட்டு மீண்டும் முலாம் தொட்டிக்கே அனுப்ப முடிகிறது. மீட்காத இடங்களில் அதுவும், பயன்படுத்தித் தீர்ந்த கரியும் அபாயக் கழிவாகவே கருதப்பட வேண்டியவை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை ஒன்றின் வளாகத்தில் குவிந்து கிடந்த திண்மக் கழிவிலிருந்துதான், ஆலை நின்ற பின்னும் ஆண்டுக்கணக்கில் அறுமைக் குரோமியம் நிலத்தடி நீரில் கசிந்துவந்தது.