டர்போ காருக்கு எந்த ஆயில் ஊத்தணும்? விலையைப் பார்க்காதீங்க... டப்பாவைப் படிங்க!

பெரம்பலூர்,

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இப்போது கடன் போட்டு புது கார் எடுப்பவர்களில் பலர் டர்போ இன்ஜின் வண்டியாகத்தான் எடுக்கிறார்கள். முதல் இலவச சர்வீஸ் முடிந்ததும் வரும் கேள்வி, "எந்த ஆயில் ஊத்தறது?" என்பதுதான். இதில் தப்பு செய்தால் டர்போ போய்விடும். மாற்ற பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆயில்தான் காரணம் என்று தெரிந்தால் வாரண்டியும் கிடைக்காமல் போகலாம்.

டர்போவுக்கு ஏன் தனி கவனம்?

புகை வேகத்தில் சுற்றும் சின்ன சக்கரம்தான் டர்போ. நிமிடத்துக்கு 1 லட்சம் முறைக்கு மேல் சுற்றும். அதன் தண்டு ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. மட்டமான ஆயில் அந்தச் சூட்டில் கருகி கரியாகிவிடும். கரி குழாயை அடைத்தால் டர்போ காலி. சிந்தடிக் ஆயில் அவ்வளவு சீக்கிரம் கருகாது.

நம்பர் என்ன சொல்லுது?

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று டப்பாவில் இருக்கும். முதல் நம்பர் குறைவாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சட்டென்று மேலே ஏறும். அடுத்த நம்பர், சூடான பிறகு உள்ள கெட்டித்தன்மை.

"ஆயில் தண்ணி மாதிரி இருக்கே, நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்குமா?" என்று பயந்து பலர் கெட்டி ஆயில் ஊத்துகிறார்கள். அது வேண்டாம். வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜின் சூட்டை ரேடியேட்டர் பார்த்துக்கொள்ளும். காரோடு கொடுத்த புத்தகத்தில் உள்ள கிரேடுதான் சரி.

பெட்ரோல் டர்போ என்றால் டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. (2020-ல் வந்தது) அல்லது எஸ்.கியூ. (2025-ல் வந்தது) இருக்கிறதா பாருங்கள். குறைந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து பிஸ்டன் உடைவதை இவை தடுக்க உதவும். பி.எஸ்.6 டீசல் காரில் புகை வடிகட்டி இருப்பதால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். லாரிக்கு வாங்கிய பழைய ரக ஆயிலை ஊத்தினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

அரியலூர்க்காரங்க கவனத்துக்கு!

சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோட்டில் தினமும் போகிறவர்கள் ஏர் பில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். தூசி உள்ளே போனால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. பல கார் புத்தகங்களில் தூசிப் பகுதிக்கு ஆயில் மாற்றும் கெடு குறைவாகவே போட்டிருக்கும்.

இதையும் மறக்காதீங்க

* திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். 1 நிமிடம் இன்ஜின் ஓடட்டும்.

* மாதம் 2 முறை சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவு பாருங்கள். 2 கோட்டுக்கு நடுவே இருக்கணும். அதிகமானாலும் ஆபத்துதான்.

* சீல் உடையாத டப்பா, பில் ரெண்டும் வாங்குங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் அதிலேயே போலி ஆயில் அடைத்து உங்களுக்கே விற்றுவிடுவார்கள்!