ரெண்டாவது ஆள் நான்தான்!



பிள்ளைகள் எந்நேரமும் விளையாட்டே கதி என்று கிடக்கிறார்கள் என நாம் புலம்பாத நாளில்லை. நானும் புலம்பியவள்தான். ஆனால் இந்தக் கடிதம் புலம்ப அல்ல. இருபத்தாறு வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்களிடம் கொட்டிவிடத்தான் எழுதுகிறேன்.

1994-ல், துபாயிலிருந்து லீவில் வந்த என் கொழுந்தனார் எனக்கு ஒரு சேலையும், ஒன்பது வயதான என் மகனுக்கு ஒரு டி.வி. கேம் பெட்டியும் வாங்கி வந்தார். சேலை எப்போதோ கிழிந்துபோய் கரித்துணியாகிவிட்டது. அந்தப் பெட்டி மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. டி.வி.யின் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு அதன் ஒயரைச் செருக வேண்டும். அப்புறம் திருகித் திருகிப் பார்த்தால் புள்ளிப் புள்ளியாகக் கோடு ஓடி, திடீரென்று மீசை வைத்த குள்ள மனிதர் ஒருவர் திரையில் குதிப்பார். அவர் பெயர் மாரியோவாம். எங்கள் வீட்டில் அவர் 'மீசைக்காரர்'தான்!

கேசட் சரியாக வேலை செய்யாவிட்டால் வெளியே எடுத்து 'ஃபூ' என்று ஊதிவிட்டுப் போட வேண்டும் என்பான் மகன். விறகடுப்பு ஊதி வளர்ந்த எனக்கு அது ஒரு வேலையா? "ஊதறதுல அம்மாவை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்று அவன் சிரிப்பான். ஊதுவதில் ஆரம்பித்ததுதான், கொஞ்சம் கொஞ்சமாக நான் விளையாடவே உட்கார்ந்துவிட்டேன்.

என்னவர் வங்கியில் வேலை பார்த்தார். சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவார். மகன் பள்ளி விட்டு நாலரைக்கே வந்துவிடுவான். கான்ட்ரா என்று ஒரு ஆட்டம். துப்பாக்கி ஏந்திய இரண்டு வீரர்கள் சேர்ந்து போக வேண்டியது. அவனுக்கு ஜோடி இல்லை. மகள் அப்போது மூன்று வயதுப் பிள்ளை. "ஒரே ஒரு ஆட்டம்மா, ப்ளீஸ்" என்று கெஞ்சுவான். மாவாட்டிய கையைத் துடைத்துக்கொண்டு நான் உட்காருவேன். நீல வீரர் அவன், சிவப்பு வீரர் நான்!

மூணு உயிர்தான் தருவார்கள். எனக்கு அது மூணு நிமிஷத்துக்குக்கூடத் தாங்காது. அவன் பள்ளித் தோழன் ஒரு ரகசியம் சொல்லிக்கொடுத்தான். ஆரம்பிக்கும்போதே மேல, மேல, கீழ, கீழ, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அமுக்கினால் முப்பது உயிர் கிடைக்குமாம். ரசப்பொடி அளவைப்போல அதையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

அதில் மூன்றாவது கட்டத்தில் ஒரு அருவி வரும். இரண்டு பேரும் பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவர் வேகமாக ஏறிவிட்டால் திரையும் கூடவே மேலே போய்விடும், பின்தங்கியவர் செத்துப்போவார். நான் தத்தக்கா பித்தக்கா என்றுதான் ஏறுவேன். "நில்லுடா, வந்துடறேன்" என்று கத்துவேன். அவன் ஒவ்வொரு பாறையிலும் எனக்காக நிற்பான். மேலேயிருந்து குண்டு வந்தாலும் நகர மாட்டான். "மெதுவா வாம்மா, நான் நிக்கறேன்" என்பான்.

ஆறு மணியானால் ஒயரைக் கழற்றி, ஆன்டெனாவைச் செருகி, பெட்டியை எடுத்து வைத்துவிடுவோம். இது என்னவருக்குத் தெரியாது. மகன் விளையாடுவது தெரியும், மனைவி விளையாடுவது தெரியாது. சொன்னால் சிரிப்பாரோ, திட்டுவாரோ என்று பயம். மாமியாரும் ஊரிலிருந்து அடிக்கடி வருவார்களே!

மகன் ஒன்பதாம் வகுப்பு போனான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்தொன்று. 1999 பொங்கல் முடிந்து ரிப்போர்ட் கார்டு வந்தது. என்னவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "எந்நேரமும் அந்தப் பெட்டியே கதின்னு கெடந்தா எப்படி உருப்படும்? யாரு இவனுக்கு இடம் கொடுத்தது?" என்று என்னைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். "நானும்தாங்க விளையாடினேன். பல நாள் நானேதான் அவனைக் கூப்பிட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை தோழிகளே! "நான் சொன்னா எங்க கேக்கறான்" என்றேன். மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் தெருவில் பழைய பிளாஸ்டிக், ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் போடுகிறவர் வந்தார். மகன் பள்ளிக்குப் போயிருந்தான். பெட்டி, இரண்டு கைப்பிடி, கேசட்டுகள், வாத்து சுடுகிற துப்பாக்கி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கிடைத்தது. சாயங்காலம் அவன் வந்ததும் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். தொடவில்லை. அழவுமில்லை. அழுதிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் நன்றாகத்தான் படித்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கினான். இன்ஜினீயரிங் படித்து பெங்களூரில் வேலை, நல்ல மருமகள், ஒரு பேரன். "பார்த்தியா, அந்தப் பெட்டி தொலைஞ்சதாலதான் பையன் உருப்பட்டான்" என்று என்னவர் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டுவேன். ஆனால் மகன் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மரியாதைக்குக் குறைவில்லை. மாதாமாதம் பணம், வாரம் ஒரு போன். "சாப்பிட்டியாம்மா?", "மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான். மனசு விட்டு ஒரு பேச்சு கிடையாது. 2019-ல் என்னவர் காலமானார். கடைசிவரை அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவேயில்லை.

2025 கோடை விடுமுறைக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போயிருந்தேன். ஒருநாள் மகன் ஒரு பார்சலைப் பிரித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மாதிரிப் பெட்டி! பழசு விற்கிறவரிடம் தேடிப் பிடித்து வாங்கினானாம். பேரனுக்கு அவன் விளக்கியதை நானும் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். மூலப் பெட்டியை நின்டெண்டோ கம்பெனி 1983-ல் ஜப்பானில் கொண்டுவந்ததாம். நம் ஊர் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த நகல்களாம். மீசைக்காரரின் 'சூப்பர் மாரியோ' 1985-ல் வந்ததாம். ஷிகெரு மியாமோட்டோ என்பவர் உருவாக்கியதாம். அந்த மேல, மேல, கீழ, கீழ ரகசியத்துக்கும் கதை இருக்கிறது. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் 1986-ல் வேறொரு ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்காகத் தயாரித்தபோது, சோதித்துப் பார்க்க அவருக்கே அது கஷ்டமாக இருந்ததாம். அதனால் தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்கு வழியாம் அது. அவர் 2020-ல் இறந்துவிட்டார் என்றான்.

ஆர்வமாக வாத்துத் துப்பாக்கியைச் செருகினான். ஒரு வாத்துகூட விழவில்லை. தவறவிட்டால் எழுந்து சிரிக்குமே ஒரு நாய், அதுதான் சிரித்துக்கொண்டே இருந்தது. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லையாம். விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகுமாம். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கியின் மூக்கு கண்டுபிடிக்குமாம். பழைய டப்பா டி.வி.யின் வேகத்துக்காகச் செய்தது, இன்றைய தட்டை டி.வி.க்கு ஒத்துவராதாம். கேசட்டை ஊதியதும் தப்பாம்! வாய் ஈரம் பட்டுத் தகடு அரித்துப்போகுமாம். கழற்றி மாட்டியதில்தான் சரியானதாம். என் பெருமை போச்சு!

அப்போது பேரன் கேட்டான்: "அப்பாயி, நீங்கதான் கான்ட்ராவுல ரெண்டாவது ஆளாமே? எங்கம்மா மாதிரி ஒரு ஜோடி கிடைக்காதுன்னு அப்பா சொல்வாரு!"

தொண்டை அடைத்துக்கொண்டது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மகனின் நண்பர்கள் வந்தார்கள். டி.வி. இல்லை, பெட்டி இல்லை. மேஜையில் காகிதம், பென்சில், விதவிதமான பகடைகள். 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்று பெயராம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கறேன்", "நான் ஒளிஞ்சுக்கறேன்" என்று சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். 1980-களில் அமெரிக்காவில் பல தாய்மார்கள் இதைச் சாத்தான் வேலை என்று பயந்து எதிர்த்தார்களாம். எந்த ஊர் அம்மாவாக இருந்தால் என்ன, பயம் ஒன்றுதான்!

"அம்மா, நீயும் உக்காரேன்" என்றான் மகன். இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல்! நான் மூலிகை தெரிந்த மருத்துவச்சியானேன். அடிபட்டுக் கிடந்த வீரரைப் பிழைக்கவைக்க வேண்டும். பகடையை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, தாயக்கட்டை உருட்டுவதுபோல் குலுக்கி உருட்டினேன். ஒன்று விழுந்தது. "தாயம்!" என்று துள்ளிவிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நம் தாயத்தில் ஒன்று விழுந்தால்தானே காயே இறங்கும்? அவர்கள் ஆட்டத்தில் ஒன்றுதான் ஆக மோசமாம், இருபதுதான் உசத்தியாம்! அந்த வீரர் பாவம், என் வைத்தியத்தாலேயே இன்னும் மோசமாகிப்போனார்.

எல்லாரும் போன பிறகு, தட்டுகளை எடுத்து வைக்கும்போது மருமகள் சொன்னாள்: "அத்தை, பேரீச்சம்பழம் அப்படியே இருக்கு பாருங்க. இவர் தொடவே மாட்டார். ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டார்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, "தப்பு பண்ணிட்டேன்டா. உன் பெட்டியை நான் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பெட்டி போனதுக்குக் கோபமில்லம்மா. மார்க் கொறைஞ்சா எல்லா வீட்டிலயும் அப்படித்தான். அப்பா கேட்டப்ப, 'நானும்தான் ஆடினேன்'னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கியிருப்போம். என்னை மட்டும் விட்டுட்டு நீ மேல ஏறிட்டியே" என்றான்.

அருவியில் எனக்காக ஒவ்வொரு பாறையிலும் நின்ற பிள்ளை. நான் அவனுக்காக ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அழுதுவிட்டேன். "சரி விடும்மா" என்று எழுந்து போய்ப் பெட்டியைப் போட்டான். கைப்பிடியை என்னிடம் நீட்டினான். அறுபத்தைந்து வயதில், மூட்டு வலி விரலில், யோசிக்காமலே மேல, மேல, கீழ, கீழ வந்தது! முப்பது உயிரும் அருவி வரைதான் தாங்கியது. அதனால் என்ன? அவன் நின்றான்.

இப்போது போன் வந்தால் அரை மணி நேரம் பேசுகிறோம்.

தோழிகளே, விளையாட்டுக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. படிப்பும் தூக்கமும் கெடக் கூடாது, நேரம் குறித்துத்தான் விட வேண்டும். பணம் கட்டி ஆடுகிற செல்போன் ஆட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் சீரழிந்தன. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே அவற்றைத் தடை செய்து சட்டம் போட்டது. அதில் கண்டிப்பு வேண்டியதுதான்.

ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்து வைப்பதானால் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லி எடுத்து வையுங்கள். பள்ளிக்குப் போன நேரம் பார்த்துத் தூக்கிப் போடாதீர்கள். முக்கியமாக, நீங்களும் சேர்ந்து செய்த ஒன்றுக்குப் பிள்ளையை மட்டும் மாட்டிவிடாதீர்கள். மார்க்கைத் திரும்ப வாங்கிவிடலாம். எனக்கு அவன் பேச்சு திரும்பக் கிடைக்க இருபத்தாறு வருஷமாயிற்று.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் ஊருக்குக் கிளம்பும் அன்று, மகன் தட்டிலிருந்து ஒரே ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

- ஒரு வாசகி, திருச்சி.