நாய்க்குட்டியின் பாலியம்

கண் திறந்த நாய்க்குட்டி ஒன்றைக் கண்டுவிட்டால் நம் குழந்தைகளுக்குப் பொறுக்காது. அன்றே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். ஒரு கிண்ணம் பால் வைத்துவிட்டால் தாய்க்கு ஈடாயிற்று என்று பெரியவர்களும் எண்ணிவிடுவதுண்டு. தாயினிடம் குட்டி பெறுவது பால் மாத்திரந்தானா?

சுமார் 63 நாள் கர்ப்பவாசத்துக்குப் பின் பிறக்கும் குட்டிக்குக் கண்ணும் திறந்திராது, காதும் திறந்திராது. தேகத்தின் உஷ்ணத்தைக் காத்துக்கொள்ளவும் சக்தியில்லை. தாய் நக்கிவிட்டாலன்றிச் சிறுநீர்கூடக் கழியாது. 10 நாளுக்கு மேல் 14 நாளுக்குள் கண் திறக்கிறது. சற்றுப் பின்னால் காது. மூன்றாவது வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன, மொத்தம் 28. ஊசி போன்ற இப்பற்களைக் கொண்டுதான் குட்டி தன் முதற் பாடத்தைக் கற்கிறது. விளையாட்டில் உடன்பிறந்ததைப் பலமாகக் கடித்தால் அது வீறிட்டு விலகிவிடும், விளையாட்டும் நின்றுபோகும். தாயைக் கடித்தாலோ, அது உறுமிவிட்டு எழுந்து போய்விடும். வாயை எவ்வளவு அழுத்தலாம் என்பது இவ்விதம் பழக்கமாகிறது. நான்கு வாரத்திலேயே பிரித்துக் கொணர்ந்த குட்டிக்கு இந்தப் பாடம் போதிய அளவு கிடைப்பதில்லை. பிற்பாடு அது குழந்தையின் கையைப் பதம் பார்த்தால், 'பொல்லாத ஜாதி' என்று வீதியில் விரட்டிவிடுகிறார்கள்!

அதற்காக மனித வாடையே படாமல் தாயோடு விட்டுவைப்பதும் சரியன்று. 1961-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், வேலியிட்ட வெளியில் 14 வாரம் வரை மனிதருடன் பழகாது வளர்ந்த குட்டிகள் ஆளைக் கண்டாலே மிரண்டு ஓடின. பிறகு அவற்றைப் பழக்குவதும் பெரும்பாடாயிற்று. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறையப் பன்னிரண்டாவது வாரம் வரையில்தான் நாயின் மனம் நம் உறவை எளிதில் ஏற்கிறது. ஆகவே தாய் சாதுவாயிருந்தால், பெரியவர் ஒருவர் துணையோடு குழந்தைகள் தினமும் போய்க் குட்டியைத் தடவிக் கொடுக்கட்டும். எட்டு வாரம் நிறைந்ததும் அழைத்து வரலாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாதென்று 2017-ல் இந்திய அரசாங்கம் வகுத்த விதிகளும் கூறுகின்றன. வீதிக் குட்டிக்கு விலையில்லைதான். பாலியம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே?

பிறகு வளர்ச்சி மகா வேகம். ஏழாம் மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். நாயின் ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்னும் கணக்கு இங்கே பொய்த்துப் போகிறது. ஒரு வயது நாய் வாலிபத்தை எட்டிவிடுகிறது. ஏழு வயதுப் பையனோ எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு உருப்போட்டுக் கொண்டிருக்கிறான்! ஆனால் எலும்பின் நுனிகள் அவ்வளவு சீக்கிரம் இறுகுவதில்லை. பெரிய ஜாதிகளில் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். உயரத்திலிருந்து குதிக்கச் செய்து வேடிக்கை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். குட்டிதானே என்று அலட்சியம் கூடாது. குட்டியின் கடியாலும் அந்நோய் வரக்கூடும். கடியோ கீறலோ பட்டால், காயத்தைச் சோப்பும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே வைத்தியரிடம் போய்விட வேண்டும்.