கூழன் பலாவும் விசாகத்துப் பஞ்சாமிர்தமும்

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் வைகாசியில் வந்து பாருங்கள். காற்றே பலாப்பழ வாசம்தான். எல்லா மரமும் சேர்ந்து பழுப்பதால் கமிஷன் கடைக்காரர் சொல்வதுதான் விலை. அதுவும் வருக்கைக்குத்தான். கூழன் என்றால் வண்டியில் ஏற்றவே யோசிப்பார்கள். சுளை கொழகொழவென்று இருக்கும், தூரம் தாங்காது. மரத்தடியில் விழுந்து வெடித்து ஈ மொய்த்துப் போகும்.

2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலில் எங்கள் தோட்டத்துப் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. மிஞ்சியது ஏழு. அதில் இரண்டு கூழன். "காசுக்கு ஆகாத மரம் எதுக்கு? வெட்டிட்டு ஒட்டு வருக்கை வைங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. வெட்டவில்லை. விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மரந்தான் உசத்தி.

காரணம் பஞ்சாமிர்தம். பஞ்சாமிர்தம் என்றதும் பழனிதான் நினைவுக்கு வரும். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலைவாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் சேர்வது அது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. நாங்கள் வைகாசி விசாகத்துக்கு வீட்டில் செய்வதில் பாதிக்கு மேல் பலா. இதற்கு வருக்கை சரிப்படாது, மசியாமல் நறுக் நறுக்கென்று நிற்கும். கூழன் சுளை கையிலேயே கரைந்துவிடும்.

முதல் வேலை பழம் பார்ப்பது. பிள்ளைகளையே தட்டிப் பார்க்கச் சொல்வேன். காய் 'டண்'ணென்று சொல்லும், பழம் 'பொத்'தென்று சொல்லும். முள் அகன்று மழுங்கியிருக்கும், வாசனை வரும். வாழைத்தாரும் நம் தோட்டத்ததாக, வைக்கோலில் பழுத்ததாக இருக்கட்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன.

அரிவாள் பெரியவர் கையில். அரிவாளிலும் எல்லார் கையிலும் நல்லெண்ணெய் தடவிவிடுங்கள், பால் ஒட்டாது. சுளை எடுப்பது, கொட்டை நீக்குவது, வாழைப்பழம் உரிப்பது, ஏலக்காய் இடிப்பது எல்லாம் பிள்ளைகள் பாடு. சடையும் தோலும் மாட்டுக்கு.

கொட்டை நீக்கிய சுளை ஒரு கிலோ என்றால் பூவன் பழம் பத்து, பொடித்த வெல்லம் 400 கிராம், தேன் 100, நெய் 50, பேரீச்சை பத்து, ஏலக்காய் ஆறு. ஈரமில்லாத பாத்திரத்தில் பழங்களைக் கையால் பிசைந்து, வெல்லத்தைச் சேர்த்து, கடைசியில் தேனும் நெய்யும். வெல்லம் கறுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பளிச்சென்று வெளுத்தது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டது. காய்ச்சாத பண்டம், அன்றைக்கே தின்றுவிடுவது நல்லது. தேன் இருப்பதால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கரண்டிக்குப் பலா இலையை மடித்து ஈர்க்குச்சி குத்திக்கொள்வோம். சின்னவள் போன வருடம், "தாத்தா, இந்த மிட்டாய் எந்தக் கடையில விக்கிது?" என்று கேட்டாள். மரத்தைக் காட்டினேன்.

மறுநாள் வேலை கொட்டை. பாதி சுட்டுத் தின்ன, மீதி ஊன்ற. பலாக்கொட்டையை நெல் மாதிரி காயவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்க முடியாது, காய்ந்தால் முளைப்பு போய்விடும். வழுவழுப்பைக் கழுவி, மண்ணும் தொழுவுரமும் கலந்த பையில் உடனே ஊன்ற வேண்டும். காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். கூழன் கொட்டை கூழனாகவே வரும் என்ற உறுதியும் இல்லை. பிள்ளைகளிடம் இதையும் சொல்லித்தான் ஊன்றச் சொன்னேன். போன வருடம் பதினொன்று முளைத்தது. மூன்றை ஆடு கடித்துவிட்டது. மிச்சம் எட்டையும் ஐப்பசி மழைக்குக் கிழக்கு வரப்போரம், கஜாவில் விழுந்த மரங்கள் நின்ற குழிகளுக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறோம்.