பல கைகள் வளர்க்கும் செடி

ஆர்க்கிட் செடியின் முற்றிய காயைக் கீறி வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மஞ்சள் கலந்த ஒரு பொடி விழும். அந்தப் பொடிதான் விதை. ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும். சில இனங்களில் பத்து லட்சத்தையும் தாண்டும். மூச்சுக்காற்று பட்டாலே பறந்துபோகும். நெல்லிலும் அவரையிலும் முளைக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ஆர்க்கிட் விதையில் அது கிடையாது. சின்னஞ்சிறு கரு, அதைச் சுற்றி மெல்லிய உறை, அவ்வளவே. காட்டில் அந்த விதை மரப்பட்டையிலோ மண்ணிலோ விழுந்து, தோதான பூஞ்சையின் இழை உள்ளே புகுந்து உணவூட்டினால்தான் முளைக்கும். லட்சத்தில் ஒன்றிரண்டு பிழைத்தாலே பெரிது.

ஆர்க்கிட் வளர்ப்போர் சங்கங்களைப் பற்றி எழுத வந்து விதையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ரோஜா வளர்ப்பவருக்குச் சங்கம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆர்க்கிட்டை விதையிலிருந்து பூ வரை தனி ஒருவர் கொண்டுபோவது கடினம். ஆய்வுக்கூடம் வேண்டும், தாய்ச்செடிகள் வேண்டும், ஆண்டுக்கணக்கான பொறுமை வேண்டும், பிறகு பூத்தது புதிதா பழையதா என்று சொல்லும் பதிவேடு வேண்டும். உலகெங்கும் இந்தச் சங்கங்கள் செய்யும் வேலைகள் ஒவ்வொன்றையும் செடியின் இயல்போடு சேர்த்துப் பார்த்தால்தான் அவை ஏன் அப்படி அமைந்தன என்பது விளங்கும். சிங்கப்பூரின் சங்கம் அதற்கு நல்ல சான்று.

விதையின் புதிரை முதலில் அவிழ்த்தவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். 1899இல் காட்டில் முளைவிட்டுக் கிடந்த ஆர்க்கிட் நாற்றுகளை ஆராய்ந்து, அவற்றின் உள்ளே பூஞ்சை குடியிருப்பதைக் கண்டார். அதற்கு முன்பே தோட்டக்காரர்கள் தாய்ச்செடியின் வேரடியில் விதையைத் தூவிப் பார்ப்பது வழக்கம். சில சமயம் முளைத்தது, பெரும்பாலும் முளைக்கவில்லை; ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. தாயின் வேரிலிருந்த பூஞ்சைதான் காரணம் என்பதைப் பெர்னாரின் கண்டுபிடிப்பு விளக்கியது. 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் இன்னும் ஓர் அடி முன்னே போனார். பூஞ்சை ஊட்டும் உணவை நாமே ஊட்டினால் என்ன? சர்க்கரையும் சில உப்புகளும் கலந்த அகர் கூழைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, கிருமி நீக்கி, விதையைத் தூவினார். முளைத்தது. இன்று சந்தையில் நாம் பார்க்கும் கலப்பின ஆர்க்கிட்டுகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் குடுவையில்தான் இருக்கிறது.

அந்த முறை சிங்கப்பூருக்கு வந்து சேர அதிக காலம் ஆகவில்லை. பூமலை என்று சிங்கப்பூர்த் தமிழர்கள் அழைக்கும் தாவரவியல் பூங்காவுக்கு 1925 முதல் இயக்குநராக இருந்தவர் எரிக் ஹோல்ட்டம். 1928இல் அவர் அங்கே ஆர்க்கிட் இனக்கலப்பு வேலையைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஜான் லேகாக், எமில் கலிஸ்தான் ஆகிய இரு ஆர்வலர்களோடு சேர்ந்து மலாயா ஆர்க்கிட் சங்கத்தையும் நிறுவினார். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பூங்காவில் குடுவையும் அறிவியலும் இருந்தன. ஆர்வலர்களின் வீட்டுத் தோட்டங்களில் அரிய தாய்ச்செடிகள் இருந்தன. ஒன்றுக்கு மற்றொன்று தேவைப்பட்டது. 1931இல் 'மலாயன் ஆர்க்கிட் ரிவியூ' என்ற இதழும் தொடங்கியது. எந்தச் செடியை எதனோடு சேர்த்தார்கள், எது காய் பிடித்தது, எது வெயிலில் கருகியது என்ற அனுபவமெல்லாம் அச்சில் ஏறத் தொடங்கியது. அந்தச் சங்கம்தான் இன்று தென்கிழக்காசிய ஆர்க்கிட் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது.

லேகாக் தொழிலால் வழக்கறிஞர். நீதிமன்றத்தில் வாதாடிய அதே மனிதர் 1951இல் மண்டாயில் ஓர் ஆர்க்கிட் தோட்டத்தையும் உருவாக்கினார்.

ஹோல்ட்டமும் சங்கத்தாரும் எதைத் தேடி இனம் கலந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் கொண்டாடிய கேட்லியா, ஒடன்டோகுளோசம் வகைகளில் பல மலைக்குளிர் கேட்பவை. ஆண்டு முழுதும் ஒரே மாதிரி வெக்கையும் ஈரமுமாக இருக்கும் சமநிலத்தில் அவை சுணங்கின. இந்த மண்ணிலேயே பிறந்த வாண்டாவையும் தேள் ஆர்க்கிட் எனப்படும் அராக்னிஸையும் டென்ட்ரோபியத்தையும் கலந்தால் சுள்ளென்ற வெயிலிலும் பூக்கும் செடி கிடைக்கும் என்பது ஹோல்ட்டமின் கணிப்பு. அராக்னிஸும் வாண்டாவும் சேர்ந்து பிறந்த அராண்டா வகைகள் பின்னாளில் சிங்கப்பூரின் கொய்மலர் வணிகத்துக்கு அடித்தளமாயின. வெட்டிய பிறகும் நாள்கணக்கில் வாடாத கொத்துகள் அவை.

குடுவையில் முளைத்த நாற்று அங்கேயே ஏறத்தாழ ஓராண்டு இருக்கும். பிறகு பலவற்றைச் சேர்த்து ஒரே தொட்டியில் வைப்பார்கள். தனித்தொட்டிக்கு மாறி, முதல் பூ காண இன்னும் சில ஆண்டுகள். ஒரே காயிலிருந்து வந்த நாற்றுகள் உடன்பிறந்தவைதான். ஆனால் ஒன்றின் பூ மற்றொன்றைப் போல் இருக்காது. நூறு நாற்றில் மிகச் சிறந்தது எது என்று தெரிய நூறும் பூத்தாக வேண்டும். அத்தனைக்கும் ஒருவர் வீட்டில் இடம் ஏது? நாற்றுகளைப் பிரித்துக்கொண்டு ஆளுக்குச் சில தொட்டி வளர்த்து, பூத்ததும் கூட்டத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. ஆர்க்கிட் சங்கக் கூட்டங்களில் பூத்த செடிகளை வைக்க ஒரு மேசை போடுவது வழக்கம். அழகுக்காக வைத்தது போலத் தோன்றும். உண்மையில் அது ஆய்வு மேசை.

அந்த மேசைக்கு வரும் ஒவ்வொரு செடியிலும் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும் என்பதில் சங்கத்து மூத்தவர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். பெயர் தொலைந்த செடி எவ்வளவு அழகாகப் பூத்தாலும் இனக்கலப்புக்கு உதவாது. பெற்றோர் யாரென்று தெரியாதே. இங்கிலாந்தில் சேண்டர் குடும்பத்தார் 1906இல் வெளியிட்ட கலப்பினப் பட்டியல்தான் இன்றைய பதிவேட்டின் தொடக்கம். அதை இப்போது அந்நாட்டு அரச தோட்டக்கலைச் சங்கம் பேணிவருகிறது. பதிவான கலப்பினங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். யார் இனம் கலந்தாலும், அது பூத்த பிறகு, தாய் தந்தைப் பெயர்களோடு அங்கே பதியலாம். அலுவலக வேலை முடிந்து மாலையில் தோட்டத்துக்குப் போகிறவருக்கும் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் அதில் ஒரே விதிதான்.

சிங்கப்பூரின் தேசிய மலரே ஒரு வீட்டுத் தோட்டத்துச் செடிதான். ஆர்மீனியக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் அதைப் பூமலையின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். வாண்டா டெரிஸ், வாண்டா ஹூக்கரியானா இரண்டும் கலந்த செடி என்று இனங்கண்டு, 1893இல் ரிட்லி அதை விவரித்து எழுதினார். 1899 மலர்க் கண்காட்சியில் ஆக்னஸ் அதற்கு முதற்பரிசு பெற்றார். அதே ஆண்டில் காலமானார். 1981இல் அந்த வாண்டா மிஸ் ஜோக்கிம் தேசிய மலரானது. தண்டை வெட்டி நட்டாலே வளரும் என்பதால் தோட்டம் தோட்டமாக அது பரவியது.

எனக்கு அதைவிடவும் நெருக்கமான கதை தான் ஹூன் சியாங்குடையது. மலாயாவில் முதன்முதலில் ரப்பர் தோட்டம் போட்ட தான் சே யானின் மகன் அவர். வாண்டா டியரியையும் வாண்டா ஜோசபின் வான் பிரேரோவையும் கலந்து, பூத்ததற்குத் தந்தையின் பெயரைச் சூட்டினார். 1954இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் வாண்டா தான் சே யானுக்கு முதல்தரச் சான்றிதழ் கிடைத்தது. சமநில வெயிலில் வளர்ந்த ஒரு செடி, ஆர்க்கிட் ரசனையின் தலைமையிடமாகக் கருதப்பட்ட ஊரில் தலைநிமிர்ந்து நின்றது.

சான்றிதழ் தருவது எப்படி? அரச தோட்டக்கலைச் சங்கம் 1889லேயே ஆர்க்கிட்டுக்கென்று தனிக்குழு வைத்தது. 1897 முதல் பரிசு பெற்ற பூக்களை ஓவியமாகவும் தீட்டிவைத்தார்கள். நிறத்தைச் சொல்லில் மட்டும் பிடிக்க முடியாதல்லவா. அமெரிக்க ஆர்க்கிட் சங்கம் நூறு மதிப்பெண் முறையைக் கையாள்கிறது. 75 முதல் 79 வரை ஒரு தரம், 80 முதல் 89 வரை அடுத்த தரம், 90ம் அதற்கு மேலும் முதல்தரம். வடிவம், நிறம், அளவு, இதழின் தடிப்பு, கொத்தில் பூக்கள் அமைந்த ஒழுங்கு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பரிசு கலப்பினத்துக்குப் போவதில்லை, அந்தத் தனிச்செடிக்குப் போகிறது. ஆகவே அதற்கு மட்டும் உரிய ஒரு பெயரையும் ஒற்றை மேற்கோள்குறிக்குள் சேர்த்து எழுதுவார்கள்.

புதிதாகச் சேர்கிறவர் சங்கத்தில் முதலில் கற்பது பரிசைப் பற்றியல்ல, வேரைப் பற்றி. வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளில் பல மரத்தில் தொற்றி வாழ்பவை; மரத்தை உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்கின்றன. வேரைச் சுற்றி வெலாமன் என்ற உயிரற்ற செல்களாலான உறை இருக்கிறது. மழை பட்டதும் சட்டென்று நீரை இழுத்துக்கொள்ளும், பிறகு உலரும். உலர்ந்த வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சை தெரியும். தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று அந்த நிறமே சொல்லிவிடும். மண் நிரப்பிய தொட்டியில் வைத்தால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடும். அதனால்தான் கரித்துண்டு, செங்கல் துண்டு, பட்டை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் தாழ்வாரத்தில் டென்ட்ரோபியம் வளர்ப்பவருக்கும் மொட்டைமாடியில் வாண்டாவைத் தொங்கவிட்டிருப்பவருக்கும் ஒரே அளவு தண்ணீர் ஒத்துவராது. புத்தகம் சொல்லும் கணக்கு அந்தத் தாழ்வாரத்துக் காற்றை அறியாது. பக்கத்துப் புளோக்கில் அதே செடியை வளர்ப்பவர் அறிவார்.

சில செடிகளில் பூக்கும் நாளையும் அந்தந்த வட்டாரத்து வானிலையே முடிவுசெய்யும். புறா ஆர்க்கிட் என்று அழைக்கப்படும் டென்ட்ரோபியம் குருமினேட்டம் சிங்கப்பூர்ச் சாலையோர மரங்களிலெல்லாம் தொற்றியிருக்கும். திடீர் மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால், உறங்கிக்கிடந்த மொட்டுகள் எல்லாம் வளரத் தொடங்கும். ஒன்பது நாள் கழித்து அந்த வட்டாரத்துப் புறா ஆர்க்கிட்டுகள் அத்தனையும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும். அடுத்த நாள் வாடிவிடும். ஒரே நாளில் எல்லாம் பூத்தால்தான் ஒரு செடியின் மகரந்தம் மற்றொன்றுக்குப் போய்ச்சேரும்.

செடியைப் பிரித்துப் பகிர்வது சங்கங்களின் மிகப் பழைய வழக்கம். அதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சிம்பிடியம் மொசைக் வைரஸ் வெட்டும் கத்தியில் ஒட்டிய சாற்றோடு ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அதற்கு மருந்தில்லை. செடி பிரித்துக் காட்டும் கூட்டங்களில் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தியைத் தீயில் காட்டுவதும், பழைய தொட்டியை அப்படியே மறுபடி பயன்படுத்தாதிருப்பதும் இதனால்தான். 1960இல் ஜார்ஜ் மொரெல் என்ற பிரெஞ்சு அறிஞர் தண்டு நுனியின் மிகச்சிறு திசுவைக் குடுவையில் வளர்த்து ஒரே செடியை ஆயிரமாகப் பெருக்க வழிகாட்டினார். பரிசுபெற்ற செடி பணக்காரர் வீட்டைவிட்டு எல்லார் வீட்டுக்கும் வந்தது அதன் பிறகுதான். ஆனால் பாதுகை வடிவப் பூ பூக்கும் பேபியோபெடிலம் வகைகள் அந்த முறைக்கு எளிதில் இணங்கவில்லை. அவற்றுக்கு இன்றும் விதையும் பிரிப்பும்தான்.

அந்த வகையில் ஒன்று நம் அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே இருப்பது: மஞ்சள் பூப்பூக்கும் பேபியோபெடிலம் துரூரி. சேகரிப்பாளர்கள் வேரோடு பிடுங்கிப் பிடுங்கி அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்க்கிட் மோகத்தின் இந்த மறுபக்கத்தை மறைத்துச் சங்கங்களைப் புகழ்வது நேர்மையாகாது. இன்று அருகிவரும் உயிரினங்கள் பற்றிய பன்னாட்டு வணிக ஒப்பந்தம் ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. பேபியோபெடிலத்துக்கு மிகக் கடுமையான பட்டியல். காட்டிலிருந்து பிடுங்கிய செடியைக் காட்சி மேசையில் ஏற்கக் கூடாது. விதையில் வளர்த்ததை ஊக்குவிக்க வேண்டும். பொறுப்புள்ள ஒரு சங்கத்துக்கு இதைவிட முக்கியமான விதி இருக்க முடியாது.

விதைக் குடுவை காட்டுக்கும் திருப்பித் தரும் என்பதற்கும் சிங்கப்பூரில் சான்று இருக்கிறது. தீவில் இயல்பாக இருந்த ஆர்க்கிட் இனங்கள் 220க்கும் மேல், பெரும்பாலானவை அழிந்துவிட்டன. உலகிலேயே மிகப் பெரிய ஆர்க்கிட்டான புலி ஆர்க்கிட்டும் அங்கே காட்டில் அற்றுப்போனது. 1861இல் பூமலையில் நட்ட ஒரு புலி ஆர்க்கிட் மட்டும் பெரும் புதராக நின்றது. பூங்காவின் அறிவியலாளர்கள் புலி ஆர்க்கிட் விதையைக் குடுவையில் முளைக்கவைத்து, 1999 முதல் நாற்றுகளைச் சாலையோர மரங்களிலும் பூங்காக்களிலும் கட்டிவருகிறார்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் பூத்தண்டில் பழுப்புத் திட்டுகளுடன் மஞ்சள் பூக்கள் வரும். அது ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். நட்டவற்றில் சில பூக்கவும் தொடங்கிவிட்டன.