உங்களுக்குத் தெரியுமா? நிழலின் தலையைச் சுற்றி ஒளிவட்டம்!

காலை வெயில் ஏறும் நேரம் பூனாகலைத் தேயிலை மலையின் விளிம்பில் நிற்கிறீர்கள். முதுகில் வெயில், எதிரே பள்ளம் நிறையப் பனிமூட்டம். அதன்மேல் உங்கள் நிழல் விழுந்தால், தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றக்கூடும். நடுவில் பளீரென்ற வெண்மை, வெளி விளிம்பில் சிவப்பு!

பனிமூட்டத்தின் நுண்ணிய நீர்த்துளிகளே இதற்குக் காரணம். அவை ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்போது ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறங்களாகப் பிரிகின்றன. வானவில்லின் ஆரம் சுமார் 42 பாகை. இந்த வளையங்களுக்கோ சில பாகைகள்தான். துளிகள் சிறுக்கச் சிறுக்க வளையம் பெரிதாகும்.

பத்துப் பேர் வரிசையாக நின்றாலும், ஒவ்வொருவருக்கும் தம் தலையைச் சுற்றிய வட்டம் மட்டுமே தெரியும்.

1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இந்த ஒளிவட்டத்தைக் கண்டு வியந்த பௌதிகவியலாளர் சி.டி.ஆர். வில்சன், ஆய்வுகூடத்திலேயே முகிலை உண்டாக்க முயன்றார். அதிலிருந்து பிறந்ததுதான், மின்னேற்றமுள்ள அணுத்துகள்களின் பாதையைக் கண்ணுக்குக் காட்டும் முகில் அறை. அதற்காக 1927இல் பௌதிகவியல் நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது.