உங்களுக்குத் தெரியுமா? ஜலதோஷமும் ‘அக்யூட்’தான்!

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அக்யூட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறதா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10இல் சாதாரண ஜலதோஷத்தின் பெயரே ‘அக்யூட் நேசோஃபாரிஞ்சைட்டிஸ்’; குறியீடு ஜே00. மூக்கு ஒழுகுவதற்கு இத்தனை பெரிய பெயர்!

மருத்துவ ஆங்கிலத்தில் அக்யூட் என்றால் திடீரென வந்தது; கிரானிக் என்றால் நாள்பட்டது. இரண்டுமே காலக்கணக்கு. பெரியவர்களுக்கு இருமல் 3 வாரத்துக்குள் என்றால் அக்யூட். 8 வாரம் தாண்டினால் கிரானிக். ஹெபடைட்டிஸ் பி என்றால் எல்லைக்கோடு 6 மாதம். கடுமையைச் சொல்ல ‘சிவியர்’ தனியாக இருக்கிறது. நாம்தான் அக்யூட், சிவியர், ஐசியூவின் ‘இன்டென்சிவ்’ மூன்றையும் ‘தீவிர’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

அதற்காக அக்யூட்டை அலட்சியப்படுத்திவிடாதீர்கள், மாரடைப்பும் அக்யூட்தான்.